கடையில் கேட்ட ஓசை வீட்டில் எங்கே போனது?

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் புதிதாக வாங்கிய ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர்களைப் பற்றியவை. ஏறக்குறைய எல்லாமே வாங்கிய சில நாட்களுக்குள் எழுதப்பட்டவை என்பதால் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கோவையில் ஒரு கடையில் கேட்டுப் பார்த்து 5.1 ஸ்பீக்கர் செட்டும் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) அவற்றை இயக்கும் ஏ.வி. ரிசீவரும் 78,000 ரூபாய்க்கு வாங்கினேன். கடையில் மெய்சிலிர்த்தது. வீட்டில் மாட்டிய அன்று குடும்பமே உட்கார்ந்து கேட்டோம். ‘தும் தும்’ என்று ஒரே அதிர்வு, வசனம் புரியவில்லை. “இதற்குப் போய் இவ்வளவு பணமா?” என்கிறார் அப்பா. ஹால் 14-க்கு 14 அடி, டைல்ஸ் தரை. செட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?
— ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

அட்டைப் பெட்டியிலும் ரிசீவரின் முதுகிலும் இருக்கும் வரிசை எண்ணைப் பில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போனால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம். உங்கள் சிக்கலுக்கான காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: 14-க்கு 14, டைல்ஸ் தரை. இப்போது உங்கள் காதில் விழுவதில் ஸ்பீக்கரின் பங்கைவிட ஹாலின் பங்குதான் அதிகம்.

ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை ஓங்கிக் கைதட்டுங்கள். தட்டி முடித்த பிறகும் ‘ட்ர்ர்’ என்று ஒரு நடுக்கம் சற்று நேரம் நிற்கிறதா? டைல்ஸ் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை, கண்ணாடி ஜன்னல் எல்லாமே ஒலியை உள்வாங்காமல் திருப்பியடிப்பவை. வசனத்தின் ஓர் அசை சுவரில் பட்டுத் திரும்பி அடுத்த அசையின் மேல் விழுகிறது; சொல் குழம்புகிறது. கடையின் டெமோ அறையில் தரைவிரிப்பு, சுவரில் துணிப் பலகைகள், கனத்த சோபா எல்லாம் இருந்திருக்கும். நினைவுபடுத்திப் பாருங்கள்.

இதற்கு மருந்து உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நெய்யப்படுகிறது. பெரிய பவானி ஜமக்காளம் ஒன்றை வாங்கி, சோபாவுக்கும் டி.வி.க்கும் நடுவே இரண்டடுக்காக மடித்து விரியுங்கள். ஜன்னல்களுக்குக் கரூரில் கிடைக்கும் கனத்த திரைத்துணியை, ஜன்னல் அகலத்தைப் போல இரு மடங்கு எடுத்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கும்படி தைத்துப் போடுங்கள். பிறகு மீண்டும் கைதட்டிப் பாருங்கள். சில ஆயிரம் ரூபாய்க்கு இதைவிடப் பயன் தரும் செலவு ஹோம் தியேட்டரில் வேறு எதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் துணி, நடுச் சுருதி, உச்சச் சுருதி ஒலிகளைத்தான் அடக்கும். ‘தும் தும்’ அதனால் போகாது. அதற்குக் காரணம் வேறு. அறையின் நீளம் ஒரு தாழ்ந்த ஒலியின் (சுருதி தாழ்ந்த ‘பேஸ்’) அலைநீளத்தில் சரிபாதியாக அமைந்தால், அந்த ஒலி மட்டும் எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே சிக்கிப் பெருத்துவிடும். 14 அடிக்கு அது ஏறக்குறைய 40 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 40 அதிர்வுகள். செவ்வக ஹாலில் நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று என இந்தப் பெருக்கம் இரண்டு வெவ்வேறு சுருதிகளாகப் பிரிந்துவிடும். சதுர ஹாலில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. தாழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் பெட்டியான சப்வூஃபர் மும்முரமாக வேலை செய்வதும் அதே சுருதிப் பகுதியில்தான். நம் பக்கத்துப் பழைய தொட்டிக்கட்டு (நடுவில் திறந்த முற்றமுள்ள) வீடுகளின் ஆசாரத்தில், அதாவது கூடத்தில், நீண்டு ஒடுங்கிய அமைப்பும் சரிந்த ஓட்டுக்கூரையும் திறந்த தொட்டியும் இருப்பதால், இந்தத் தொல்லை வெகு குறைவு. புதிதாக வீடு கட்டுகிறவர்கள் ஹாலைச் சதுரமாகப் போடுவதற்கு முன் இதையும் பொறியாளரிடம் பேசிக்கொள்ளலாம்.

கட்டி முடித்த ஹாலை இடிக்க முடியாது. சப்வூஃபரை நகர்த்த முடியும். மாட்ட வந்த பையன் அதை மூலையில் தள்ளி வைத்துவிட்டுப் போயிருப்பார் என்று நினைக்கிறேன். மூலையில் வைத்தால் சத்தம் கூடும், அதோடு மேற்சொன்ன பெருக்கமும் முழு வேகத்தில் கிளம்பும். சரியான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. சோபாவில் நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் சப்வூஃபரைத் தூக்கி வையுங்கள். தவில் போலத் தாழ்ந்த அடி மாறி மாறி வரும் பாட்டொன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். பிறகு தவழ்ந்து, தலையைத் தரையோரம் தாழ்த்திச் சுவரோரமாகவே நகர்ந்து வாருங்கள். ஓரிடத்தில் அடி காதை அடைக்கும். இரண்டடி தள்ளினால் அடியே காணாமல் போகும். வேறோர் இடத்தில் ஒவ்வோர் அடியும் தனித்தனியாக, ஒரே அளவில் கேட்கும். அந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் குறியிட்டு, சப்வூஃபரைக் கொண்டுவந்து வையுங்கள். ஒலி போகும் பாதையும் வரும் பாதையும் ஒன்றே என்பதால், அங்கே நன்றாகக் கேட்டது சோபாவிலும் நன்றாகக் கேட்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

சோபா பின்சுவரில் ஒட்டியிருந்தால் ஒன்றிரண்டு அடி முன்னே இழுங்கள். சுவரோரம்தான் தாழ்ந்த ஒலி அதிகம் குவியும். அதற்காக ஹாலின் நட்டநடுவுக்கும் வந்துவிட வேண்டாம். அங்கே அந்த 40 ஹெர்ட்ஸ் அறவே மெலிந்துவிடும்.

அடுத்தது டி.வி.க்குக் கீழே கிடக்கும் நடு ஸ்பீக்கர். வசனத்தில் பெரும்பகுதி இதன் வழியாகத்தான் வருகிறது; அதையே அலமாரித் தட்டின் உள்ளே தள்ளி, முன்னால் பொம்மையும் பூச்சாடியும் வைத்துவிடுகிறோம். ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்போடு ஒட்டியிருக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவர் காதை அது பார்க்கும்படி முன்பக்கத்துக்கு அடியில் ரப்பர்த் துண்டு கொடுத்துச் சற்று நிமிர்த்துங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகே ரிசீவரோடு வந்த மைக்கை எடுங்கள். மின்விசிறியை அணைத்து, மைக்கைச் சோபாவில் போடாமல் ஸ்டாண்டில் காது உயரத்துக்கு நிறுத்தி, அளவீட்டை ஓடவிடுங்கள். சப்வூஃபர் 8 அடியில் இருக்க, ரிசீவர் 13 அடி என்று காட்டினால் திருத்த வேண்டாம். சப்வூஃபருக்குள் இருக்கும் மின்சுற்றின் தாமதத்தையும் சேர்த்தே அது கணக்கிடுகிறது. எல்லா ஸ்பீக்கர்களுக்கும் ‘ஸ்மால்’, கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ் என்று வைத்துத் தொடங்குங்கள்; அதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போய்விடும்.

இதையெல்லாம் செய்தும் அப்பாவுக்கு வசனம் புரியவில்லை என்றால் மாற்றுவதைப் பற்றிப் பேசலாம். இப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னும் விலை கூடிய செட்டைக் கொண்டுவந்தாலும் அதே ஹாலில் அதே ‘தும் தும்’தான் கேட்கும்.

பகலில் சுற்றிலும் தறிச் சத்தம். பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் படம் பார்க்க முடிகிறது. சண்டைக்காட்சி வந்தால் சத்தத்தைக் குறைக்கிறேன், பேச்சு வந்தால் கூட்டுகிறேன். அம்மிச்சி “எதுவுமே விளங்கவில்லை” என்கிறார். ரிமோட்டைக் கீழே வைக்க முடியவில்லை. ஸ்பீக்கர் சரியில்லையா?
— ஒரு வாசகி, பல்லடம்

ஸ்பீக்கரில் குறையில்லை. திரையரங்குக்காகக் கலந்த ஒலியில் முணுமுணுப்புக்கும் வெடிக்கும் இடைவெளி மிக அதிகம். படுக்கையறைக்குப் பக்கத்தில் அது தாங்காது. ரிசீவரில் ‘நைட் மோட்’ அல்லது ‘டைனமிக் ரேஞ்ச்’ என்ற பெயரில் ஓர் அமைப்பு இருக்கும். அதைப் போட்டால் பெரிய சத்தம் தணிந்து சிறிய சத்தம் மேலேறும். கூடவே நடு ஸ்பீக்கரின் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். அம்மிச்சிக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய உதவியாக இருக்கும். வயதாகும்போது முதலில் குறைவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன், ச, த போன்ற மெய்யொலிகளின் தெளிவு அங்கேதான் இருக்கிறது.

குறைந்த சத்தத்தில் செட் உயிரில்லாமல் ஒலிப்பதாகத் தோன்றினால் அதற்கும் காரணம் உண்டு. சத்தம் குறையக் குறைய நம் காது தாழ்ந்த ஒலிகளை மற்றவற்றைவிட வேகமாகக் கைவிடுகிறது. அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் இதை அளந்து 1933-இல் வெளியிட்டார்கள். கடையில் உரக்க ஓடவிட்டுக் காட்டும்போது எல்லா ஸ்பீக்கரும் கம்பீரமாகத் தெரிவதன் பின்னணியும் இதுதான். ஆகவே, வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒருமுறையாவது, வீட்டில் இரவில் வைக்கும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து, இரண்டு பேர் பேசும் காட்சியைப் போடச் சொல்லுங்கள். சண்டைக்காட்சியைக் கேட்டு ஸ்பீக்கர் வாங்காதீர்கள்.

பின்னால் வைத்த இரண்டு ஸ்பீக்கர்களிலும் சத்தமே வருவதில்லை. காதை ஒட்டி வைத்தால் லேசாகக் கேட்கிறது. பாட்டுச் சேனலில் அதுவும் இல்லை. ஏமாந்துவிட்டேனா?
— ஒரு வாசகர், பெருந்துறை

முதலில் ரிசீவரின் அமைப்புப் பட்டியலில் ‘டெஸ்ட் டோன்’ என்பதை ஓடவிடுங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் முறைவைத்து ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் வரும். பின் ஸ்பீக்கர்களிலும் மற்றவை அளவுக்கு வந்தால் அவை நலம். சேனல்கள் பெரும்பாலும் ஸ்டீரியோவிலேயே வருகின்றன; பின்னால் அனுப்ப அவற்றில் எதுவும் இல்லை. 5.1-இல் வரும் படத்திலும் மழை, கூட்டத்தின் ஆரவாரம், கடந்து போகும் வண்டி ஆகியவைதான் பின்னால் கேட்கும்.

படங்களிலும் வரவில்லை என்றால் டி.வி.யின் ஒலி அமைப்புக்குப் போங்கள். டிஜிட்டல் வெளியீடு ‘பி.சி.எம்.’ என்று இருந்தால் பல டி.வி.க்கள் இரண்டு தடங்களாகச் சுருக்கித்தான் அனுப்பும். அதைப் ‘பாஸ்த்ரூ’ அல்லது ‘ஆட்டோ’ என்று மாற்றுங்கள். எச்.டி.எம்.ஐ. கேபிள், டி.வி.யில் ‘ஆர்க்’ அல்லது ‘இ-ஆர்க்’ என்று எழுதியிருக்கும் துளையில்தான் செருகப்பட்டிருக்க வேண்டும். ரிசீவரின் முகப்பில் ‘டால்பி’ என்றோ ‘டி.டி.எஸ்.’ என்றோ எழுத்து ஓடினால் சரியாகிவிட்டது என்று பொருள்.

வயரையும் பார்த்துவிடுங்கள். ரிசீவரில் சிவப்பு, கறுப்பு முனைகளில் மாட்டியது ஸ்பீக்கரிலும் அதே வரிசையில் இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் சத்தம் வரும், ஆனால் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் கலைந்து கிடக்கும். வயர் இலவசமாகக் கொடுத்தது என்றால், நுனியில் ஒரு கம்பி இழையைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவந்திருந்தால் செம்பு. வெள்ளையாக மின்னினால் செம்பு முலாம் பூசிய அலுமினியம். நாலைந்து அடிக்கு அது பரவாயில்லை. பின்சுவர் வரை போகும் நீண்ட ஓட்டத்துக்கு 1.5 சதுர மி.மீ. செம்பு வயரே போடுங்கள்.

“100 மணி நேரம் ஓடினால்தான் ஸ்பீக்கர் பழகி நல்ல சத்தம் வரும்” என்கிறார் கடைக்காரர். இணையத்தில் வாங்கிய நண்பரோ திருப்பிக் கொடுக்க 7 நாள்தான் அவகாசம் என்கிறார். காத்திருப்பதா, வேண்டாமா?
— ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

காத்திருக்க வேண்டாம். புதிய ஸ்பீக்கரில், கூம்பைச் சுற்றியுள்ள ரப்பரும் உள்ளே தாங்கும் நெளிந்த துணியும் சற்று இளகுவது உண்மைதான். அது முதல் சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது; அளவிலும் சிறியது. அதற்குப் பிறகு பழகுவது பெரும்பாலும் நம் காது. கரகரப்பு, ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைவு, சப்வூஃபர் பெட்டி தடதடப்பது போன்றவை 100 மணி நேரம் ஓடினாலும் ஓடிப்போகாது. காத்திருக்கும் நாட்களில் மாற்றிக்கொள்ளும் அவகாசம்தான் முடிந்துபோகும்.

எனவே முதல் வாரத்திலேயே குறையைத் தேடிப் பிடித்துவிடுங்கள். இடது ஸ்பீக்கரில் கரகரப்பு என்றால் ரிசீவரை அணைத்துவிட்டு இடதையும் வலதையும் இடம் மாற்றி மாட்டுங்கள். கரகரப்பு ஸ்பீக்கரோடு வலப்பக்கம் போனால் ஸ்பீக்கரில் குறை. இடப்பக்கமே நின்றால் வயரிலோ ரிசீவரிலோ குறை. இதைக் கைபேசியில் படம் பிடித்து வைத்தால் சேவை மையத்தில் வாதாட வேண்டியிருக்காது. அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் அவகாசம் முடியும்வரை பரணில் பத்திரமாக வையுங்கள்.

பெட்டியில் 5,000 வாட் என்று போட்டிருக்கிறது, விலை 6,000 ரூபாய். நம்பலாமா?
— ஒரு வாசகர், கரூர்

நம்ப வேண்டாம். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு எடுக்கக்கூடியதே 1,380 வாட்தான். செட்டின் முதுகில் மின்நுகர்வு என்று ஒரு சிறிய எழுத்து இருக்கும். அது 80 வாட் என்றால் தொடர்ந்து வரும் ஒலித்திறன் அதற்கும் கீழேதான். பெட்டியில் ‘பி.எம்.பி.ஓ.’ (கணநேர உச்சம்) என்று இருப்பதை விட்டுவிட்டு ‘ஆர்.எம்.எஸ்.’ (தொடர்ந்து தரும் திறன்) என்று இருப்பதைப் பாருங்கள். அதிலும், வாட் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். 50-ஆ 60-ஆ என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்பதில் பயனில்லை.

தோட்டத்துச் சாளையில் செட்டை மாட்டினோம். எதுவும் ஓடாதபோதும் சப்வூஃபரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். எலக்ட்ரீஷியன் பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடலாம் என்கிறார்.
— ஒரு வாசகர், காங்கேயம்

வெட்டவே கூடாது. அந்த முனை உங்கள் வீட்டில் இருப்பவர்களின் உயிருக்குக் காவல். மழைக்காலத்தில் ஈரத்தரையில் நிற்கும் குழந்தை செட்டைத் தொடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

செட்-டாப் பாக்ஸிலிருந்து டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றால், மொட்டை மாடியில் இருக்கும் டிஷ்ஷுக்கும் வீட்டு எர்த்துக்கும் நடுவே ஒரு மின்வளையம் உருவாகியிருக்கிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான் அப்படிப் பாடுகிறது. டி.வி., ரிசீவர், சப்வூஃபர், செட்-டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரே பலகையிலிருந்து மின்சாரம் எடுக்க வையுங்கள். பெரும்பாலும் இதிலேயே அடங்கும். அடங்காவிட்டால் டிஷ் கேபிளின் நடுவே போட்டு அந்த வளையத்தைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் கிடைக்கிறது. கேபிளைக் கழற்றியும் உறுமல் நிற்கவில்லை என்றால் எர்த் குழியைப் பாருங்கள். கோடையில் குழி வறண்டு கிடக்கும் தோட்டங்கள் நம் பக்கத்தில் நிறைய.

மாப்பிள்ளை அமெரிக்காவிலிருந்து வருகிறார். அங்கே ரிசீவர் மலிவு. வாங்கி வரச் சொல்லட்டுமா?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

அங்கே விற்கும் ரிசீவர் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் அன்றே போய்விடும். கனத்த டிரான்ஸ்ஃபார்மர் வாங்கி வைத்தாலும் இந்தியாவில் பெரும்பாலும் வாரண்டி கிடையாது. சப்வூஃபருக்கும் இதே கதைதான். மின்சாரமே தேவைப்படாத சாதாரண ஸ்பீக்கர் ஜோடி என்றால் எந்த நாட்டிலிருந்தும் வரலாம், எடைதான் தொல்லை. ரிசீவரை இங்கேயே வாங்குங்கள்.

உள்ளூர்க் கடையில் 42,000 ரூபாய் கொடுத்து வாங்கிய செட்டில் நடு ஸ்பீக்கர் மூன்றாம் நாளே கரகரத்தது. கடையில் கேட்டால் “விற்ற பொருள் வாபஸ் இல்லை என்று சீட்டிலேயே போட்டிருக்கிறோம், கம்பெனியைப் பாருங்கள்” என்கிறார்கள். கையால் எழுதிய எஸ்டிமேட் சீட்டுதான் என்னிடம் இருக்கிறது. வாங்கி மூன்று வாரம் ஆகிறது.
— ஒரு வாசகி, திருப்பூர்

உங்கள் பக்கம் சட்டம் தெளிவாக நிற்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதன்படி நியாயமற்ற வணிக நடைமுறைகள். பில்லில் காலக்கெடு எதுவும் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாட்களுக்குள் திரும்பப் பெற வேண்டும் என்கிறது சட்டம். ‘வாபஸ் இல்லை’ என்று அச்சடித்துவிட்டால் குறையுள்ள பொருளுக்கான பொறுப்பு தீர்ந்துவிடாது. கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பதால் தாமதிக்க வேண்டாம்.

முதலில் முறையான ஜி.எஸ்.டி. பில்லை எழுத்தில் கேளுங்கள். பணம் கைபேசி வழியாகவோ கார்டிலோ கொடுத்திருந்தால் அந்தப் பதிவும் எஸ்டிமேட் சீட்டும் சேர்ந்து சான்றாகும். ஸ்பீக்கரை மாற்றி மாட்டிப் பார்த்த படத்தையும் எடுத்துவைத்து, குறையையும் தேதியையும் எழுதி, மாற்றித் தரும்படி ஸ்பீட் போஸ்ட்டில் கடைக்கு அனுப்புங்கள். நகலைத் தயாரிப்பு நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். பல கடைகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கிவந்துவிடும்.

வரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைப்பதும் கட்டாயமில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. ஆனால் கடைக்கு எழுதும் கடிதம் 30 நாள் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். உங்களிடம் மீதி இருப்பது ஒரு வாரத்துக்குச் சற்றுக் கூடுதல்தான். நாளைக்கே தபாலில் சேர்த்து, ரசீதை எஸ்டிமேட் சீட்டோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.